தகுதிச் சுற்றில் முன்னணி வீரர்கள் ஆடுவது ஏன்?

டென்னிஸ் தரவரிசையின் முதல் நூறு இடங்களுக்குள் இருப்பவரும், சில வேளைகளில் கிராண்ட்ஸ்லாம் பட்டத்தையே வென்றவரும்கூட, ஒரு தொடரின் பிரதான சுற்று தொடங்குவதற்குச் சில நாள்கள் முன்பு தகுதிச் சுற்றில் ஆடுவதைக் காணும் ரசிகர்கள், அதை அவரது வீழ்ச்சியின் அடையாளமாகவே கருதிவிடுகின்றனர். அக்கருத்து பெரும்பாலும் சரியானதன்று. காரணம் பல நேரங்களில் ஆட்டத்திறனில் இல்லாமல், நுழைவு விதிகளிலும் காலக் கணக்கிலும் அடங்கியிருக்கிறது.

கிராண்ட்ஸ்லாம் தொடரின் ஒற்றையர் பிரதான சுற்றில் 128 இடங்கள் உள்ளன. அவற்றில் 104 இடங்கள் தரவரிசை அடிப்படையில் நேரடியாக நிரப்பப்படுகின்றன. 8 இடங்கள் ‘வைல்டு கார்டு’ என்னும் பெயரில் போட்டி அமைப்பாளர்கள் தம் விருப்பப்படி வழங்குபவை. எஞ்சிய 16 இடங்களுக்காக 128 பேர் மோதும் மூன்று கட்ட ஆட்டங்களே தகுதிச் சுற்று. நேரடி நுழைவுக்கான பட்டியல், தொடர் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன்பிருந்த தரவரிசையைக் கொண்டு முடிவுசெய்யப்படுகிறது என்பதுதான் இங்கு முதன்மையாகக் கவனிக்க வேண்டிய செய்தி. தரவரிசையோ கடந்த 52 வாரங்களில் ஈட்டிய புள்ளிகளின் கூட்டல் என்பதால் அது இயல்பிலேயே கடந்த காலத்தைப் பேசுவது. ஆறு வார இடைவெளி சேரும்போது, வேகமாக முன்னேறி வரும் ஓர் ஆட்டக்காரரின் இன்றைய வலிமைக்கும் பட்டியலில் அவருக்குள்ள இடத்துக்கும் இடையிலான தொலைவு இன்னும் கூடிவிடுகிறது.

2021ஆம் ஆண்டு இதற்குத் தெளிவான சான்றுகளைத் தந்தது. அவ்வாண்டு விம்பிள்டனில் வைல்டு கார்டு பெற்று நுழைந்தபோது 338ஆம் இடத்திலிருந்த பிரிட்டனின் எம்மா ராடுகானு, அங்கே நான்காம் சுற்றுவரை சென்றபோதும், அடுத்து வந்த அமெரிக்க ஓபனில் நேரடி இடம் பெறும் அளவுக்கு உயரவில்லை. 150ஆம் இடத்திலிருந்தபடி தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்களையும், பிரதான சுற்றில் ஏழு ஆட்டங்களையும் ஒரு செட்டைக்கூட இழக்காமல் வென்ற அவர், தகுதிச் சுற்றின் வழியே வந்து கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ஆட்டக்காரர் ஆனார். ஆடவரில் ஸ்பெயினின் கார்லோஸ் அல்கராஸ் அதே ஆண்டு பிரெஞ்சு ஓபனுக்குத் தகுதிச் சுற்றின் வழியாகவே வந்தார். முதல் நூறு இடங்களுக்குள் அவர் காலடி வைத்ததும் அந்த நாள்களில்தான் என்றாலும், பட்டியல் அதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது. அவரது ஆற்றல் அப்போது குறைவாக இருந்தது என்று எவரும் சொல்ல முடியாது.

இடங்கள் குறைவான தொடர்களில் இந்நெருக்கடி இன்னும் உயர்ந்த தரவரிசையில் இருப்போரையும் தொடுகிறது. கிராண்ட்ஸ்லாமுக்கு அடுத்த நிலையிலுள்ள மாஸ்டர்ஸ் 1000 தொடர்களுள் ஒன்றான மான்டி கார்லோவில் பிரதான சுற்றுக்கு 56 பேர் மட்டுமே; ஏழு இடங்கள் தகுதிச் சுற்றுக்கும் நான்கு வைல்டு கார்டுக்கும் போக, நேரடி நுழைவுக்குக் கிடைப்பவை ஏறத்தாழ 45. ஆகவே எந்த கிராண்ட்ஸ்லாமிலும் தடையின்றி நுழையக்கூடிய 55ஆம் இடத்து வீரர் இங்கே தகுதிச் சுற்றின் இரண்டு ஆட்டங்களை வென்றாக வேண்டிய நிலை எழலாம். அவர் அதற்கு உடன்படுவதற்குக் காரணம், களிமண் ஆடுகளப் பருவத்தின் தொடக்கத்தில் உண்மையான போட்டி ஆட்டங்களும், வென்றால் பெரிய தொடரின் புள்ளிகளும் கிடைப்பதே. களிமண்ணில் சறுக்கி நின்று அடிக்கும் கலை பயிற்சியில் மட்டும் கைவருவதன்று.

காயத்தாலும் தடையாலும் விலகியிருந்து மீள்வோரின் நிலை வேறு. ஆறு மாதங்களோ அதற்கு மேலோ காயத்தால் ஆடாதவர், ‘பாதுகாக்கப்பட்ட தரவரிசை’ என்னும் சலுகையால் பழைய இடத்தைக் கொண்டே சில தொடர்களில் நுழையலாம்; அது தீர்ந்ததும் எஞ்சுபவை வைல்டு கார்டும் தகுதிச் சுற்றுமே. பிரெஞ்சு ஓபனில் 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் இறுதிப் போட்டிவரை சென்றவரும், 2020 அமெரிக்க ஓபன் சாம்பியனுமான ஆஸ்திரியாவின் டொமினிக் தீம், ஓய்வை அறிவித்திருந்த 2024இல் அதே பாரிஸில் வைல்டு கார்டு கிடைக்காமல் தகுதிச் சுற்றில் ஆடி, இரண்டாம் ஆட்டத்தில் தோற்றார். அந்தக் களத்துக்கு அவ்வளவு தந்த ஒருவருக்கு ஓர் இடத்தை அளித்திருக்கலாம் என்று எண்ணாமலிருப்பது கடினம். ஆயினும் கேட்டுப் பெறும் இடத்தைவிட ஆடிப் பெறும் இடத்துக்கே மதிப்பு அதிகம் என்பதையும் மறுப்பதற்கில்லை. 2020 ஆஸ்திரேலிய ஓபனை வென்ற அமெரிக்காவின் சோபியா கெனின், 2023 விம்பிள்டனில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து, முதல் சுற்றிலேயே கோகோ காஃபை வீழ்த்தியது அதற்குச் சான்று.

பணமும் ஒரு காரணமே. 2024 ஆஸ்திரேலிய ஓபனில் பிரதான சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்கும் 1,20,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது. பயிற்சியாளரின் ஊதியத்தையும் பயணச் செலவையும் தாமே ஏற்கும் ஆட்டக்காரர்களுக்கு அது பல மாதச் செலவு.

தகுதிச் சுற்றில் தோற்றவருக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. பிரதான சுற்றிலிருந்து எவரேனும் விலகினால், தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களுள் ஒருவர் ‘லக்கி லூசர்’ என்ற பெயரில் அவ்விடத்தைப் பெறுகிறார். தனக்கு இடம் உறுதி என முன்கூட்டியே அறிந்தவர் கடைசி ஆட்டத்தை முனைப்பின்றி விட்டுவிடக் கூடாது என்பதற்காக, கிராண்ட்ஸ்லாம் தொடர்களில் தோற்றவர்களுள் முன்னணியில் இருப்போரிடையே சீட்டுக் குலுக்கி வரிசை முடிவுசெய்யப்படுகிறது. காயமுற்றவர் ஆடாமல் விலகினாலும் முதல் சுற்றுப் பரிசில் பாதியைப் பெறலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்த 2018இல் பிரெஞ்சு ஓபனில் விலகல்கள் பெருகின. தோற்று பார்சிலோனாவுக்குத் திரும்பிவிட்டிருந்த அர்ஜென்டினாவின் மார்கோ துருஞ்செலித்தி, இடம் காலியாவதை அறிந்ததும் பாட்டியையும் குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டு சுமார் ஆயிரம் கிலோமீட்டர் காரிலேயே பாரிஸுக்கு விரைந்து, மறுநாள் பெர்னார்ட் டோமிக்கை வென்றார். அதே தொடரில் சென்னையைச் சேர்ந்த பிரஜ்னேஷ் குணேஸ்வரனோ, தோற்றபின் இத்தாலியின் விசென்சா சேலஞ்சர் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டதால் அத்தகைய வாய்ப்பை இழந்தார். 2019 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் தகுதிச் சுற்றின் மூன்று ஆட்டங்களையும் வென்று தம் முதல் கிராண்ட்ஸ்லாம் பிரதான சுற்றில் நுழைந்த அவர், அவ்வாண்டே தரவரிசையில் 75ஆம் இடம்வரை உயர்ந்து, எஞ்சிய மூன்று கிராண்ட்ஸ்லாம்களிலும் தகுதிச் சுற்றின் துணையின்றி நேரடியாக ஆடினார்.