பொறியியல் கல்லூரித் தேர்வு எட்டாம் வகுப்பிலேயே தொடங்குகிறது

ஹைதர் அலி பிறந்த ஊர் என்று வரலாற்றில் இடம்பெற்ற பூதிகோட்டை, கோலார் மாவட்டம் பங்காருப்பேட்டை வட்டத்தில், தங்கவயலுக்கு அருகில் உள்ள ஊராகும். இங்கும் சரி, தங்கவயலின் லைன் வீடுகளிலும் சரி, மே மாதம் பிறந்துவிட்டால் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான். "மாமா, பையன் பாஸ் பண்ணிட்டான். கர்நாடகாவுல சேத்தா கவர்மென்ட் சீட்டு கிடைக்கும்ங்கறாங்க. அண்ணா யுனிவர்சிட்டின்னா நம்ம ஜனம், நம்ம பாஷை. எது மாமா நல்லது?"

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் நான்கு வருடம் தாமதமாக வரும் கேள்வி. பிள்ளை எந்த மாநிலத்துக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க முடியும் என்பது மதிப்பெண்ணால் மட்டும் முடிவாவதில்லை. அவன் எந்த வகுப்பை எந்த மாநிலத்தில் படித்தான் என்பதாலும் முடிவாகிறது. இதைப் பெற்றோருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் கதை

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கத் தொழிலைக் கையில் எடுத்த பிறகு, வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து இங்கே மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. தாத்தா சுரங்கம், அப்பா சுரங்கம், பிள்ளையும் சுரங்கம் என்று மூன்று தலைமுறை ஓடியது. 28-2-2001 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, ஒரே கம்பெனியையும் ஒரே தொழிலையும் நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் கண்ணால் கண்டோம்.

அன்றிலிருந்து நமக்குப் படிப்புதான் சொத்து. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் செல்லும் காலை இரயிலில் இடம் பிடிக்க ஓடும் பிள்ளைகளைப் பார்த்தாலே அது விளங்கும். ஆகவே நான்கு வருடப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் ஏற்படும் தவறு, நம்மைப் போன்றவர்களுக்குச் சிறிய தவறு அல்ல.

இரண்டு வாசல்கள்

முதல் வாசல் கர்நாடகம். இங்கே சி.இ.டி. எனப்படும் பொது நுழைவுத் தேர்வு 1994 முதல் நடக்கிறது. பொறியியல் தரவரிசைக்கு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் பாதியும், இரண்டாம் பி.யு.சி.யில் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்று பாடங்களின் மதிப்பெண்ணில் பாதியும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அரசு இட ஒதுக்கீட்டில் சேருவதற்கான பொது விதி இது: ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் பி.யு.சி. வரையில் குறைந்தது ஏழு கல்வியாண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும். அத்துடன் பத்தாம் வகுப்பையோ இரண்டாம் பி.யு.சி.யையோ கர்நாடகத்திலேயே எழுதித் தேறியிருக்க வேண்டும். தாய்மொழி தமிழ் என்பதால் இங்கே தடை ஏதும் இல்லை.

இரண்டாம் வாசல் தமிழ்நாடு. அங்கே பொறியியல் நுழைவுத் தேர்வு 2006-உடன் முடிந்துவிட்டது. 2007 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமே. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக மொத்தம் 200-க்குக் கட்-ஆப் போடுகிறார்கள். வேறு பாடத்திட்டத்தில் படித்தவர்களின் மதிப்பெண்ணைச் சமன்செய்து எடுத்துக்கொள்கிறார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் பிறப்பிடச் சான்று, அதாவது நேட்டிவிட்டி சர்டிபிகேட், கேட்பதில்லை. வெளி மாநிலத்தில் படித்தவர்கள் தாங்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் என்று அந்தச் சான்றைக் காட்டியாக வேண்டும்.

"நாம தமிழர்தானே, அதைக் காட்ட என்ன கஷ்டம்?" என்று கேட்பீர்கள். தமிழர் என்பது வேறு, தமிழ்நாட்டைப் பிறப்பிடமாகக் கொண்டவர் என்று அரசு ஏற்பது வேறு. கொள்ளுத் தாத்தா திருப்பத்தூர்ப் பக்கம் என்பது நம் வீட்டுக் கதையாக இருக்கலாம். தாசில்தார் அலுவலகத்தில் கதை செல்லாது, காகிதம் வேண்டும். குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வீட்டுப் பத்திரம் எல்லாம் கோலார் மாவட்டத்தில் இருக்கும்போது, அங்கே அந்தச் சான்று வாங்குவது எளிதல்ல.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பூதிகோட்டையில் எட்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளையை, "பாட்டி வீட்டுல இருந்து படிக்கட்டும்" என்று ஒன்பதாம் வகுப்பில் கிருஷ்ணகிரிக்கோ வேலூருக்கோ அனுப்புகிறோம். பிளஸ் டூ வரை அங்கேயே படிக்கிறான். கர்நாடகத்தில் எட்டு வருடம் படித்திருக்கிறான். ஆனால் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டும் தமிழ்நாட்டில். ஆகவே இங்கே பொது விதியில் வரமாட்டான். தமிழ்நாட்டில் படித்ததோ ஒன்பது முதல் பன்னிரண்டு வரை; எட்டாம் வகுப்பு இல்லை. ஆகவே அங்கே பிறப்பிடச் சான்று கேட்பார்கள். ஒரே ஒரு வகுப்பு தவறியதால் இரண்டு வாசலிலும் காத்து நிற்க வேண்டிய நிலை!

அதே பிள்ளை பத்தாம் வகுப்பை இங்கேயே எழுதிவிட்டுப் போயிருந்தால், கர்நாடகத்தின் வாசல் அவனுக்குத் திறந்தே இருந்திருக்கும். தமிழ்நாட்டில்தான் சேர்க்க வேண்டும் என்று முன்பே தீர்மானம் இருந்தால், எட்டாம் வகுப்பிலேயே அனுப்பியிருக்க வேண்டும். அரசு ஊழியர், இராணுவத்தினர் பிள்ளைகளுக்கு விதிவிலக்குகள் உண்டு. விதிகள் ஆண்டுதோறும் சிறிது மாறுவதும் உண்டு. எனவே அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் படித்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். என்.ஐ.டி. எனப்படும் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் சரிபாதி இடங்கள் சொந்த மாநிலத்தவருக்கு. அங்கே "சொந்த மாநிலம்" என்பது பிறந்த மாநிலமோ தாய்மொழியோ அல்ல. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மாநிலம். இங்கே பி.யு.சி. முடித்த தமிழ்ப் பிள்ளைக்குச் சுரத்கல் சொந்த மாநிலம், திருச்சி வெளி மாநிலம். பிளஸ் டூ மட்டும் தமிழ்நாட்டில் படித்தவனுக்கு அது அப்படியே தலைகீழ்.

பூதிகோட்டை போன்ற கிராமத்தாருக்கு மற்றொரு சலுகையும் உண்டு. ஒன்று முதல் பத்து வரை கிராமப்புறப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குக் கர்நாடகத்தில் 15 விழுக்காடு கிராமப்புற ஒதுக்கீடு இருக்கிறது. "டவுன் இஸ்கூல்ல இங்கிலீஷ் நல்லா வரும்" என்று ஏழாம் வகுப்பில் பிள்ளையை நகரத்துப் பள்ளிக்கு மாற்றினால், அந்த உரிமை போய்விடும். மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு மாற்றுங்கள் என்கிறேன்.

சாதிச் சான்றிதழும் மாநில எல்லையும்

தங்கவயல் தமிழர்களில் பெரும் பகுதியினர் பட்டியல் வகுப்பைச் சேர்ந்தவர்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இப்பட்டியலை மாநிலவாரியாக வகுத்திருக்கிறது. ஒரு மாநிலத்தின் சலுகையை வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து சென்று அங்கே கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. 1950-க்கு முன்பிருந்தே இங்கே குடியிருக்கும் குடும்பங்களுக்கு ஒதுக்கீட்டு உரிமை கர்நாடகத்தில்தான். அந்தச் சான்றிதழோடு தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்குப் போனால் பொதுப் பிரிவில் வைத்தே பார்ப்பார்கள். ஆனால் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் அதே சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். இது தெரியாமல், கையில் இருக்கும் உரிமையை விட்டுவிட்டு எல்லை தாண்டிப் போய்ப் பணம் கட்டிச் சேருவது பெரிய இழப்பு.

பல்கலைக்கழகம் வேறு, கல்லூரி வேறு

"எம் பொண்ணு அண்ணா யுனிவர்சிட்டியில படிக்கிறா" என்று பெருமையாகச் சொல்கிறோம். எந்த அண்ணா பல்கலைக்கழகம்? 1978-இல் தொடங்கிய அப்பல்கலைக்கழகத்தின் சென்னை வளாகங்கள் கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. போன்றவை. அதன் இணைப்பில் உள்ள கல்லூரிகளோ நானூறுக்கும் மேல். பட்டத்தில் இருக்கும் முத்திரை ஒன்றுதான்; சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் ஒன்றல்ல.

கர்நாடகத்திலும் இதே கதைதான். 1998-இல் பெலகாவியில் தொடங்கிய விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் பெரும்பாலான கல்லூரிகள் இருக்கின்றன. பெங்களூரில் 1946-இல் தோன்றிய பி.எம்.எஸ். கல்லூரியும், 1963-இல் தோன்றிய ஆர்.வி. கல்லூரியும், நம் தங்கவயலில் 1986-இல் கோல்டன் வேலி என்ற பெயரில் தொடங்கி இன்று டாக்டர் டி. திம்மையா பெயரில் நடக்கும் கல்லூரியும் இந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ளவைதான். 1917-இல் விஸ்வேஸ்வரய்யாவின் முயற்சியால் பிறந்த யு.வி.சி.இ. கல்லூரிக்குத் தனித் தகுதி அளிக்கும் சட்டம் 2021-இல் வந்தது.

ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், கீழ்க்கண்டவற்றையும் கேளுங்கள்.

முதலாவது, கல்லூரி தன்னாட்சி பெற்றதா? பெற்றிருந்தால் பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியுடையவை. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. நல்ல கல்லூரியின் கையில் இது நன்மை. அக்கறையில்லாத கல்லூரியின் கையில் மதிப்பெண் மட்டும் ஏறும்.

இரண்டாவது, ஏ.ஐ.சி.டி.இ. அனுமதிக் கடிதம். அதில் எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம் என்று இருக்கும். அந்த வருடத்துக் கடிதத்தையே காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, என்.பி.ஏ. தர அங்கீகாரம். இது கல்லூரி முழுமைக்கும் கொடுப்பதல்ல. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் கொடுப்பது. விளம்பரப் பலகையில் அதன் பெயர் இருக்கிறது என்பதாலேயே நம் பிள்ளை சேரும் பிரிவுக்கு அது இருக்கிறது என்று ஆகாது.

நான்காவது, அஞ்சல் வழிப் பொறியியல் பட்டம் என்று யாராவது சொன்னால் கிட்டேயே போகாதீர்கள். அப்படிப் பட்டம் கொடுத்த நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் வழக்கில் 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால், பலருடைய பட்டங்கள் செல்லாமல் போயின. வேலையில் இருந்தவர்களும் தவித்தார்கள்.

எந்தப் பிரிவு?

சுரங்கம் மூடியபோது நாம் கற்ற பாடம் இங்கேயும் பொருந்தும். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் பயன்படும் படிப்பு, அந்த வேலை போனால் கூடவே போய்விடும். கவர்ச்சியான புதுப் பெயர்களில் பிரிவுகள் வருடா வருடம் முளைக்கின்றன. அவற்றின் நான்கு வருடப் பாடப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். அடிப்படைக் கணிதம், மின்னியல், கணினி, இயந்திரவியல் இவற்றில் எதன் மேல் அது நிற்கிறது என்று பாருங்கள். 1964-இல் தொடங்கிய பி.இ.எம்.எல். ஆலை நம் கண் முன்னே இருக்கிறது. மெக்கானிக்கல் படித்தவனுக்கு வேலை என்ன என்று நம் தெருவிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பிள்ளைக்கு எதில் மனம் போகிறது என்பதையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். படிக்கப்போவது அவன்தானே!

மதிப்பெண் குறைந்ததே என்று மனம் உடைய வேண்டாம். பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேரலாம். கைவேலை தெரிந்து வரும் அந்தப் பிள்ளைகள் பல நேரம் முன்னணிக்கு வருகிறார்கள்.

செலவுக் கணக்கு

கல்விக் கட்டணம் மட்டும் செலவல்ல. விடுதி, சாப்பாடு, இரயில் பாஸ், தேர்வுக் கட்டணம், கணினி எல்லாவற்றையும் நான்கால் பெருக்கி ஒரு தாளில் எழுதுங்கள். தினமும் பெங்களூர் போய்வந்தால் விடுதிப் பணம் மிச்சம். ஆனால் பிள்ளையின் தூக்கமும் படிக்கும் நேரமும் அதில் கழியும். கல்விக் கடனுக்குப் படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லைதான். ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முன்பணம் கேட்டு, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் உஷாராக இருங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பதே விதி.

கல்லூரிக்கு ஒரு வேலை நாளில் நேரில் போய்ப் பாருங்கள். அலுவலகத்தில் பேசுவதைவிட, வாசலில் டீ குடிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவரிடம், "தம்பி, லேப்ல மிஷினெல்லாம் ஓடுதா? வாத்தியாருங்க நிக்கிறாங்களா, வருஷா வருஷம் மாறிடறாங்களா?" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

முடிவாக

கர்நாடகமா, தமிழ்நாடா என்ற கேள்விக்கு மொழிப்பற்றால் விடை சொல்ல வேண்டாம். கர்நாடகத்தில் படித்தால் தமிழ் போய்விடாது. வீட்டில் பேசினால், சங்கத்துக்கு அழைத்து வந்தால், அது எங்கேயும் போகாது. நூறு வருடத்துக்கு மேலாக இந்த மண்ணில் தமிழ் வாழ்ந்ததே அதற்குச் சாட்சி. நம் பிள்ளைக்கு உரிமையோடு திறந்திருக்கும் வாசல் எது என்று முதலில் பாருங்கள். அந்த வாசலுக்குள் இருக்கும் கல்லூரிகளில் நல்லது எது என்று பிறகு பாருங்கள்.

உங்கள் வீட்டில் ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ ஒரு பிள்ளை இருக்கிறதா? அப்படியானால் இந்த மலரை மூடி வைத்ததும், அதன் படிப்புச் சான்றுகளையும் சாதிச் சான்றையும் எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள். கல்லூரித் தேர்வு அங்கேதான் தொடங்குகிறது.