தட்டுப் பக்கம் போனா நாய் ஏன் உறுமுது?

லீவுக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வளப்பூர் நாட்டுக்குப் போறீங்க. வீட்டு நாய் சாப்பிடும்போது கிட்ட போனா உறுமுது. 'சோறு போட்ட கையையே கடிக்குமா?'ன்னு குச்சியைத் தேடாதீங்க.

உறுமல் திமிர் இல்லை. சோறு பறிபோயிடும்னு பயந்து தரும் எச்சரிக்கை. அதற்கு முன்பே உடம்பு விறைக்கும், அவசரமா விழுங்கும், கண்ணின் வெள்ளை ஓரம் தெரியும். அடிச்சா பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அடுத்த தடவை சத்தமில்லாமல் கடிக்கும். தவழ்ந்து போற குழந்தைக்கு அது புரியுமா?

சத்தம் கேட்டதும் சோறு வரும்னு பழகின நாய்க்குச் சத்தத்துக்கே எச்சில் ஊறும் என்பது பாவ்லோவ் கண்டது. இங்கே அந்தச் சத்தம் நீங்கதான். நாய் விறைக்காத தூரத்தில் நின்னு, தட்டுல இருக்கிற களியைவிட ருசியான அவிச்ச முட்டைத் துண்டை அதன் பக்கம் எறிஞ்சுட்டுத் திரும்பிப் போயிடுங்க. ரசிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. உங்களைப் பார்த்ததும் உடம்பு தளர்ந்து வாலாட்டினால் மட்டும் மறுநாள் ஓரடி கிட்ட. விறைச்சா பின்வாங்குங்க. உங்க லீவு முடியறது நாய்க்குத் தெரியாது; மிச்சத்தை வீட்டுல ஒருத்தர் தொடரணும்.

குட்டின்னா சுலபம். கொஞ்சம் சோறு வெச்சு, நடுநடுவே போய்ச் சேர்த்துப் போடுங்க. பழக்குறேன்னு தட்டைப் பிடுங்கிப் பிடுங்கிக் கொடுத்தா, உறுமக் கத்துக்கொடுக்கிறதே நீங்கதான்.

ஏற்கெனவே கடிச்ச நாய்னா கால்நடை மருத்துவரைக் கேளுங்க. பல் பட்டா சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்னிக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்க. காயத்தில் மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.