சிறு பச்சைவீட்டுப் பயிர்ச்செய்கை: தொடங்குமுன் கணக்கிட வேண்டியவை

மரக்கறிச் செய்கையாளர் பலர் இக்காலத்தில் பச்சைவீட்டில் நாட்டங்கொண்டுள்ளனர். பெருமழையில் திறந்தவெளித் தக்காளி அழுகிக் கெடும்போது, கூரையின்கீழ் வளர்ந்த தக்காளி பழுதின்றிப் பழுப்பதைக் காண்போருக்கு அதன்பால் விருப்பம் எழுவது இயல்பே. ஆயினும் பச்சைவீடு தானாக ஆதாயம் தரும் பொருளன்று. முறையறியாது கட்டினாலும், வாங்குவோரை அறியாது பயிரிட்டாலும், கடன்பட்டு இட்ட முதல் திரும்பி வராது. ஒரு சிறு வீட்டுடன் இத்தொழிலைத் தொடங்க விரும்பும் கமக்காரர் முதலிற் கவனிக்க வேண்டியவற்றை இப்பிரசுரம் விளக்குகிறது.

1. நமது நாட்டில் பச்சைவீட்டின் பயன்

குளிர்நாடுகளில் வெப்பத்தைச் சேமித்து வைப்பதற்காகப் பச்சைவீடு கட்டப்படுகிறது. நமக்கு வேண்டியது வெப்பமன்று. மழையையும் பூச்சியையும் தடுப்பதே நமது நோக்கம். வெயில் பொலித்தீனூடாக உட்புகுந்து தரையையும் செடியையும் சூடாக்குகிறது. சூடேறிய காற்று மேலெழுந்து, வெளியேற வழியில்லாவிடின் கூரையின்கீழ்த் தங்கிவிடுகிறது. பகல் வெப்பம் 32 பாகை செல்சியசை விஞ்சி, இரவிலும் 24 பாகைக்கு மேல் நிற்குமாயின், தக்காளிப் பூக்களிற் பெரும்பாலானவை பிஞ்சு பிடியாது உதிரும். செடி பசுமையாக வளரும், காய் இராது.

உயரம் 1,000 மீற்றர் கூடுமாயின் வெப்பம் சுமார் 6 பாகை குறையும். ஆதலால் பண்டாரவளை, வெலிமடை, நுவரெலியா ஆகிய இடங்களில் நன்கு பயன்படும் வீட்டின் அமைப்பை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ மாற்றமின்றிக் கட்டுதல் தவறு. மலைநாட்டில் குடமிளகாயும் தக்காளியும் செழிக்கும். தாழ்நிலத்தில் தொடங்குவோர் வெப்பத்தைத் தாங்கும் தக்காளி இனங்களையோ வெள்ளரியையோ தெரிந்துகொள்வது நன்று.

2. இடமும் அமைப்பும்

நீர் தேங்காத மேட்டுநிலமே ஏற்றது. வயல் நிலத்தை நிரப்பிக் கட்ட எண்ண வேண்டாம். அதற்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அன்றியும் அந்நிலத்தில் ஈரம் மிகுந்து நோய்கள் பெருகும்.

முதல் வீடு 50 அடி நீளமும் 20 அடி அகலமும் உடையதாயின் போதும். பக்கக் கால்களின் உயரம் 10 அடிக்குக் குறைதலாகாது. நான்கு பக்கமும் பூச்சிவலையே இடுக. பொலித்தீனால் மூட வேண்டாம். கூரையின் ஒரு பாதியை மற்றப் பாதியிலும் உயர்த்தி, இடைவெளியை வலையால் மறைத்தால் சூடான காற்று அவ்வழியே வெளியேறும். சோளகமும் வாடையும் வீசும் பகுதிகளில், வீட்டின் நீண்ட பக்கம் காற்றுவரும் திசையை நோக்கியிருத்தல் காற்றோட்டத்துக்கு உதவும்.

வெண்ஈயைத் தடுக்க 40 முதல் 50 கண் வலை வேண்டும். கண் சிறுக்குந்தோறும் காற்றோட்டமும் குறையும் என்பதை மறத்தலாகாது. வாயிலில் இரண்டு கதவுகளை இடைவெளிவிட்டு அமைத்து, ஒன்றை மூடிய பின்னரே மற்றதைத் திறக்க வேண்டும்.

கூரைக்கு, புறஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்கிரோன் பொலித்தீனையே வாங்குக. சாதாரண பொலித்தீன் மலிவெனினும் நமது வெயிலில் ஓராண்டுக்குள் நைந்து கிழிந்துவிடும். கிழக்கு, வடக்குக் கரையோரங்களில் கார்த்திகை, மார்கழி மாதங்கள் புயற்காலமாகும். 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி யாவரும் அறிந்ததே. ஆகவே கால்களைக் கொங்கிறீற்றில் ஊன்றுக. புயல் எச்சரிக்கை கிடைத்ததும் பொலித்தீனைக் கழற்றக்கூடியவாறு அமைத்தால், பொலித்தீன் பறந்தாலும் சட்டம் சாயாது.

3. வளர்ப்பு ஊடகமும் நீரும்

தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவற்றை வாட்டும் பற்றீரியா வாடல் நோய் மண்ணிலே தங்கியிருப்பது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் பயிரிடும் பச்சைவீட்டில் இந்நோய் புகுந்தால் அகற்றுவது அரிது. எனவே பைகளில் தும்புச்சோறு நிரப்பி நடுதலே பெரிதும் பாதுகாப்பானது. தும்புச்சோற்றில் உப்பு இருக்கும். பலமுறை நல்ல நீரில் அலசிய பின்னரே உபயோகிக்க வேண்டும்.

தும்புச்சோற்றில் உணவுச் சத்து மிகக் குறைவு. ஆதலால் அல்பேட் கரைசல் போன்ற முழுமையான பசளைக் கரைசலை நீருடன் நாள்தோறும் அளித்தல் வேண்டும். வளர்ந்த தக்காளிச் செடியொன்று வெயில் நாளில் 1 முதல் 2 லீற்றர் வரை நீரை உறிஞ்சும். 225 செடிகளுக்கு நாளொன்றுக்கு 450 லீற்றர் வரை தேவைப்படலாம். சிறு பையில் ஈரம் நெடுநேரம் நில்லாது; பம்பி பழுதாகி ஒரு பகல் நீர் தவறினாலும் பயிர் வாடும். ஆகையால் உயரமான தாங்கியொன்றில் இரண்டு நாளுக்குரிய நீரைச் சேமித்து வைக்க.

கட்டுமுன் கிணற்று நீரைச் சோதிப்பித்தல் அவசியம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பகுதிகளில் நீர் கடினமானது. சுண்ணாம்பு படிந்து சொட்டுக்குழாய்களின் துளைகள் அடைபடும். கரையோரக் கிணறுகளில் உப்பு மிகுந்திருக்கலாம். உப்பு நீரைக் கொண்டு இத்தொழிலைத் தொடங்குதல் வீண்செலவாகும்.

4. பூவும் பீடையும்

வலை பூச்சியைத் தடுப்பதுபோலத் தேனீயையும் காற்றின் அசைவையும் தடுக்கும். தக்காளிப் பூவில் மகரந்தம் உதிர அசைவு தேவை. ஆதலால் நாள்தோறும் முற்பகலில், செடிகளைத் தாங்கும் கயிறுகளை மெல்லத் தட்டுதல் வேண்டும். வெள்ளரியாயின், மகரந்தச் சேர்க்கையின்றியே காய்க்கும் இன விதைகளையே வாங்குக.

பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் வலையையும் கடந்து புகும். மழையும் இயற்கை எதிரிகளும் இல்லாத இடத்தில் அவை விரைந்து பெருகும். மஞ்சள் ஒட்டுத்தாள்களைத் தொங்கவிட்டு, வாரம் இருமுறை இலைகளின் அடிப்புறத்தைப் பார்வையிடுக. மருந்து தெளிக்க நேரின், அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்களைத் தவறாது கடைப்பிடிக்க.

5. வரவு செலவுக் கணக்கு

பின்வரும் தொகைகள் கணக்கிடும் முறையை விளக்குவதற்காக மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டவை. உங்கள் ஊர் விலைகளை இட்டு நீங்களே கணக்கிடுக.

சட்டமும் குழாய்களும் ரூபா 450,000. 10 ஆண்டு உழைக்குமாயின் ஆண்டுக்கு ரூபா 45,000.
பொலித்தீனும் வலையும் ரூபா 135,000. 3 ஆண்டு உழைக்குமாயின் ஆண்டுக்கு ரூபா 45,000.
விதை, பசளை, தும்புச்சோறு, மருந்து, மின்சாரம் ஆகியன போகத்துக்கு ரூபா 67,500. இரு போகத்துக்கு ரூபா 135,000.
ஆண்டின் மொத்தச் செலவு ரூபா 225,000.

225 செடிகளில் செடிக்கு 2 கிலோகிராம் எனக் குறைத்தே கணித்தால், இரு போகத்தில் 900 கிலோகிராம் கிடைக்கும். அதாவது ஒரு கிலோகிராமின் அடக்கவிலை ரூபா 250. இதில் உங்கள் குடும்பத்தாரின் உழைப்பும் கடன் வட்டியும் சேரவில்லை. அவற்றையும் சேர்த்து வரும் தொகைக்குக் கீழே விற்பீர்களாயின் ஒவ்வொரு கிலோகிராமும் நட்டமே.

பொலித்தீனுக்குரிய ரூபா 45,000ஐ ஆண்டுதோறும் வேறாகச் சேமித்து வைக்க. அப்பணத்தைச் செலவிட்டவர், நான்காம் ஆண்டில் கிழிந்த கூரையின்கீழ் நிற்க நேரிடும். பசளை, விதை, பொலித்தீன் முதலியவற்றிற் பெரும்பகுதி இறக்குமதியைச் சார்ந்தது. 2021, 2022ஆம் ஆண்டுகளில் அவை தட்டுப்பட்டு விலையேறியதை நினைவிற்கொண்டு, ஒரு போகத்துக்குரிய பொருளைக் கையிருப்பில் வைத்தல் நன்று.

6. விற்பனை

எல்லாக் கமக்காரரும் அறுவடை செய்யும் மாதத்தில் தம்புள்ளைச் சந்தையில் உங்கள் தக்காளியும் வயற்தக்காளியின் விலைக்கே போகும். பச்சைவீட்டின் செலவை அவ்விலை ஈடுசெய்யாது. ஆகவே திறந்தவெளிப் பயிர் குறையும் மழைமாதங்களில் அறுவடை அமையுமாறு நாற்றிடும் நாளைக் குறித்துக்கொள்க. விடுதிகள், நகரக் கடைகள் ஆகியவற்றிடம் வாரத்துக்கு எவ்வளவு வேண்டும், எந்த அளவுடைய காய் வேண்டும், பணம் எத்தனை நாளிற் கிடைக்கும் என்பவற்றை விதை வாங்குமுன்னரே கேட்டறிக. அவர்கள் ஒதுக்கும் இரண்டாந்தரக் காய்களை விற்கவும் ஓர் இடம் வேண்டும்.

முதல் வீட்டில் இரு போகங்கள் செய்து கணக்கெழுதிப் பாருங்கள். அடக்கவிலைக்கு மேல் மிச்சம் கண்டபின் இரண்டாம் வீட்டைப் பற்றி எண்ணலாம். அதுவரை வயலையும் தோட்டத்தையும் கைவிடற்க. இடத்தைத் தெரிவதற்கும் நீரைச் சோதிப்பிப்பதற்கும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை, கட்டட வேலையைத் தொடங்குமுன் அணுகவும்.