பறந்து போன 8 டன் இறக்கை!

1945-ம் ஆண்டு மார்ச் மாதம் 26-ந் தேதி. அதிகாலை 3 மணி இருக்கும்.

அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தில் ஒரு மலை. "கிராண்ட்பாஸ் நாப்" என்று பெயர். தாத்தா குன்று என்று சொல்லலாம். அதன் உச்சியில் ராட்சதக் காற்றாலை ஒன்று சுழன்று கொண்டு இருந்தது. அதன் தலைப்பகுதியில் ஒருவர் வேலை பார்த்துக்கொண்டு இருந்தார்.

திடீர் என்று பயங்கரக் குலுக்கல்! அவர் தூக்கி எறியப்பட்டார். தட்டுத்தடுமாறி எழுந்தார். சில நொடிகளில் எந்திரத்தை நிறுத்திவிட்டார்.

இரண்டு இறக்கைகளில் ஒன்றைக் காணோம். 8 டன் எடை உள்ள அந்த இரும்பு இறக்கை, 750 அடி தூரத்தில் போய் விழுந்து கிடந்தது!

மின்சார பில்

இந்தக் காற்றாலைக்கு யோசனை சொன்னவர் பால்மர் புட்னம் என்ற என்ஜினீயர். கடற்கரையில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அங்கே காற்றும் பலம். மின்சார பில்லும் அதிகம். "இந்தக் காற்றிலேயே மின்சாரம் எடுத்தால் என்ன?" என்று நினைத்தார்.

1941-ல் காற்றாலை ஓடத் தொடங்கியது. 1,250 கிலோவாட் சக்தி. அதைவிடப் பெரியது உலகில் எழ 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இறக்கையின் அடிப்பகுதி பலம் போதாது என்பது முன்பே தெரிந்த விஷயம்தான். ஆனால் அது யுத்த காலம். மாற்றி அமைக்க முடியவில்லை. விபத்துக்குப் பிறகு கம்பெனி கணக்குப் பார்த்தது. கட்டுப்படி ஆகாது என்று கைவிட்டது.

விசிறி போல

காற்றின் வேகம் இரண்டு மடங்கு ஆனால், அதில் உள்ள சக்தி 8 மடங்கு ஆகிவிடும். அத்தனையையும் வாங்கினால் எந்திரம் தாங்குமா?

பனை ஓலை விசிறியைக் காற்றுக்கு நேராகப் பிடித்தால் கையை இழுக்கும். விளிம்பைக் காட்டினால் இழுக்காது. காற்றாலை இறக்கையையும் அப்படித்தான் திருப்புகிறார்கள். அன்று அந்த மனிதர் எந்திரத்தை நிறுத்தியதும், மிஞ்சிய இறக்கையை இப்படித் திருப்பித்தான்!

ஆனால் எல்லா இறக்கைகளையும் ஒரே அளவு திருப்பினால் போதாது. தரைக்குப் பக்கத்தில் காற்று மெதுவாக வீசும். உயரத்தில் வேகமாக வீசும். மேலே போகும் இறக்கை அதிகம் வளையும். கீழே வந்ததும் நிமிரும். நிமிடத்துக்கு 10 சுற்று என்றால், 20 ஆண்டில் 10 கோடி முறைக்கு மேல்! கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒடிந்து போகிறது அல்லவா? அதே கதைதான்.

அதனால், இன்றைய பெரிய காற்றாலைகள் பலவற்றில் ஒவ்வொரு இறக்கையும் தனித்தனியே திரும்புகிறது. இறக்கை எவ்வளவு வளைகிறது என்பதை அதன் அடியில் உள்ள கருவி சொல்லும். உடனே கம்ப்யூட்டர், மேலே போகும் இறக்கையைக் கொஞ்சம் திருப்பும். கீழே வந்ததும் பழையபடி வைக்கும். சிலவற்றில் லேசர் ஒளி முன்னால் பாய்ந்து, வரப்போகும் காற்றின் வேகத்தையே அளந்து சொல்லிவிடுகிறது!

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஓயாமல் திருப்பினால், திருப்பும் மோட்டாரும் பேரிங்கும் தேய்ந்து போகும். இறக்கையைக் காப்பாற்றப் போய் மோட்டாரைப் பறிகொடுக்கலாமா? அதனால் காற்று மெதுவாக வீசும்போது இந்தத் தனித்தனித் திருப்பலை நிறுத்தி வைப்பது உண்டு. காற்று பலத்ததும் கம்ப்யூட்டர் மறுபடி வேலையைத் தொடங்கும்.