தண்டுவடக் கட்டியும் காலத்தின் அருமையும்



கொல்லங்கோட்டு வயல்களில் நாளெல்லாம் குனிந்து நாற்று நடுவோருக்கு முதுகுவலி புதிதன்று. தைலம் தேய்த்து ஓய்வு கொண்டால் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆயின், படுத்தபின் மிகுந்து உறக்கத்தைக் கெடுக்கும் வலியோடு கால் தளர்ச்சியும் மரத்துப்போதலும் சேருமாயின், அதனை வேலைக் களைப்பென்று ஒதுக்கலாகாது. அரிதாக, தண்டுவடத்தில் தோன்றிய கட்டியும் அதற்குக் காரணமாகலாம்.

மூளையிலிருந்து முதுகெலும்பின் உள்ளே இறங்கும் நரம்புத் தண்டே தண்டுவடம். அதன் பருமன் ஏறக்குறைய நம் சுண்டுவிரல் அளவே. சுற்றியுள்ள எலும்பு விரிந்து கொடுக்காதாகையால், சிறு கட்டியும் நரம்பை நசுக்கிவிடும்.

இக்கட்டியை அறுத்து நீக்கலாம் என்பதை 1887ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் விக்டர் ஹார்ஸ்லி மெய்ப்பித்தார். கால்கள் செயலிழந்திருந்த அந்நோயாளி மீண்டும் நடந்தார். நம் நாட்டில் 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார்.

இன்று எம்.ஆர்.ஐ. படம் கட்டியின் இடத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. தண்டுவடத்தின் உறைக்குள், நரம்புத் தண்டுக்கு வெளியே வளரும் கட்டிகளுட் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. அவற்றை முழுதும் அகற்றுதல் பெரும்பாலும் இயலும். தண்டுக்குள்ளேயே வளர்வனவற்றை நுண்ணோக்கியின் துணைகொண்டு மிகக் கவனமாகப் பிரித்தெடுக்க வேண்டும். வேறிடத்துப் புற்றுநோய் பரவி வந்ததாயின் கதிர்வீச்சு முதலிய சிகிச்சைகளும் தேவைப்படலாம்.

குணமடைதல் பெரிதும் எதைப் பொறுத்தது? அறுவைக்கு முன் நோயாளி இருந்த நிலையையே. தானாக நடந்து வருபவர் தொடர்ந்து நடக்கும் வாய்ப்பு மிகுதி. கால்கள் முற்றும் செயலற்று நெடுநாள் கழித்து வருபவருக்கு அது குறைவு. வலி முதலில் விலகும். வலிமை மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும். இயன்முறைப் பயிற்சியும், படுக்கைப்புண் வராமற் காத்தலும், சிறுநீர்ப்பைப் பராமரிப்பும் அறுவைக்கு நிகரானவை. 1954இல் விபத்தொன்றில் தண்டுவடம் சிதைந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே மருத்துவப் பணியைத் தொடர்ந்து, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு வித்திட்டார். நடை முழுதும் திரும்பாவிடினும் வாழ்வு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு அவரே சான்று.

பிற மாநிலங்களிற் பிழைக்கும் நம்மவர், "பொங்கலுக்கு ஊர் போகும்போது காட்டிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவதுண்டு. கால் தளர்ந்தால் அவ்வாறு காத்திராதீர்கள். நடை திடீரெனத் தடுமாறினாலோ சிறுநீர் தடைப்பட்டாலோ, அன்றே அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஊர் காத்திருக்கும், நரம்பு காத்திராது.