கடல் கடந்த ஏலமும் பொதிக் கூலியும்

விற்பவர் ஓரிடத்திலும் கொள்பவர் வேறோரிடத்திலும் இருக்கும் வாணிகத்திலே, பண்டத்தின் விலையொடு அதனைக் கொண்டுசேர்க்குங் கூலியும் பேச்சுக்குரிய பொருளாகும். இது பழமையான உண்மை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏறிய பண்டங்களும் இறங்கிய பண்டங்களும் சுங்கங் கொள்ளப்பட்டுப் புலி முத்திரை பொறிக்கப்பட்டமையைப் பட்டினப்பாலையால் அறிகின்றோம். சேரநாட்டு முசிறித் துறையின் வாணிகம் பற்றிக் கி. பி. 2ஆம் நூற்றாண்டிற் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட உடன்படிக்கையொன்று வியன்னா நகரிலே பேணப்பட்டு வருகின்றது. செங்கடற் கரையில் இறங்கும் சரக்கை ஒட்டகக்காரரிடம் ஒப்படைத்தல், பாலைவழியே காவலோடு கொண்டுசெல்லல், நைல் நதியோரத்துக் கொப்தொசு நகரப் பண்டசாலையிற் சேர்த்தல், ஆற்றுவழியே அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பல், நான்கிலொரு பங்கு சுங்கஞ் செலுத்தல் ஆகிய படிகள் அதிலே முன்கூட்டியே வரையறுக்கப்பட்டுள்ளன. வழியில் எழக்கூடிய வழக்கைத் தொடக்கத்திலேயே தீர்த்துவைக்கும் அறிவு அன்றைய வணிகரிடம் இருந்தது என்பதற்கு அவ்வேடு சான்று.

தம்புள்ளையில் வாழ்வோர்க்கு இவ்வறிவு புதியதன்று. 1999ஆம் ஆண்டு தொடங்கிய இவ்வூர்ப் பொருளாதார மத்திய நிலையத்திலே வெங்காயமும் பூசணியும் மிளகாயும் விலை பேசப்படுகின்றன. ஒரு மூடை வெங்காயத்துக்கு விலை கேட்கும் வியாபாரி, அது தம் ஊர்க் கடையைச் சென்றடையும் லொறிக் கூலியையும், மூடை சுமப்போர் கூலியையும், வழியில் அழுகிப்போகும் பங்கையும் மனத்திற் கூட்டிக்கொண்டே விலை கேட்கின்றார். விற்பவரும் அதனை அறிவார். ஆதலின் லொறி புறப்பட்டபின் கூலியைப் பற்றிய பூசல் எழுவது அரிது.

ஆனால் அண்மைக் காலத்தில் நம் மாவட்டத்து இளைஞர் சிலர் வேறொரு சந்தையிலும் காலடி வைத்துள்ளனர். அது இணையவழி ஏலச் சந்தை. பழைய இலங்கை முத்திரைகள், மரச்செதுக்குகள், பித்தளைப் பொருள்கள், மாத்தளையை அடுத்த ஹப்புவிடைக் கிராமம் பேர்பெற்ற அரக்கு வேலைப் பொருள்கள் முதலியன அங்கே ஏலத்துக்கு வருகின்றன. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவரிற் பலர் இலண்டனிலும் தொறொன்ரோவிலும் மெல்பேணிலும் வாழ்பவராதலின், அவர்கள் அதே சந்தையிற் கொள்வோராய் இருத்தலுங் கூடும். எனவே இருபாலார்க்கும் பயன்படுமாறு, அச்சந்தையில் அடிக்கடி எழும் ஒரு வழக்கை ஈண்டு ஆராய்வோம். அஞ்சற் கட்டணம், விமானக் கூலி, கட்டுச் செலவு ஆகிய அனைத்தையும் இக்கட்டுரையிற் பொதிக் கூலி என்றே வழங்குவோம்.

ஏலம் இரு வகை

ஏலம் நம் நாட்டுக்குப் புதியதன்று. கொழும்பிலே தேயிலையின் முதற் பகிரங்க ஏலம் 1883ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் நடைபெற்றது. அன்றுதொட்டு ஆட்கள் கூடியிருந்து கேட்ட அவ்வேலம், 2020ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திற் கொள்ளைநோய் காரணமாக இணையவழிக்கு மாறியது. ஆயினும் அங்கே பொதிக் கூலிப் பூசல் பெரிதாக எழவில்லை. கொள்வோர் தொழில் தெரிந்த வணிகர். மேலும், பெருவணிகர் தம் கடமைகளைச் சில எழுத்துகளிலே அடக்கி வைத்துள்ளனர். பாரிசிலுள்ள அனைத்துலக வணிக மன்றம் 1936இல் முதன்முதலாக வெளியிட்டு, 2020 வரை பலமுறை திருத்திய வாணிகச் சொற்றொகுதியே அதற்கு அடிப்படை. எவ். ஓ. பி. என்றால், ஏற்றுமதித் துறையிற் கப்பலில் ஏற்றும்வரையுள்ள செலவு விற்பவருடையது. அதன்மேற் செல்வது கொள்பவருடையது. சி. ஐ. எவ். என்றால், சேருந் துறைவரை கப்பற் கூலியும் காப்புறுதியும் விற்பவர் பொறுப்பு.

1995இல் அமெரிக்காவிலே தொடங்கப்பட்ட ஈபே போன்ற தளங்களின் நிலை வேறு. அங்கே விற்பவர் ஒரு சிற்றூர் இளைஞர்; கொள்பவர் தம் வீட்டிலிருந்து பொழுதுபோக்காகப் பொருள் சேர்ப்பவர். ஒருவரையொருவர் கண்டதில்லை. எவ். ஓ. பி. என்ற சொல்லையும் கேட்டதில்லை. ஏலங் கேட்கும் வேகத்திலே பண்டத்தின் விலை மாத்திரம் கண்ணுக்குத் தெரிகின்றது. கூலி பின்னரே நினைவுக்கு வருகின்றது. பன்னிரண்டு டொலருக்கு ஏலம் பெற்ற வெற்றிலைப் பெட்டிக்கு முப்பது டொலர் பொதிக் கூலி என்றவுடன், "இது கொள்ளையன்றோ?" என்ற ஐயம் பிறக்கின்றது.

ஐயம் எழுதற்குரிய காரணங்கள்

முதலாவது, நிறையைப் பற்றிய அறியாமை. விரைவுத்தூதுக் கம்பனிகள் பண்டத்தின் நிறையை மாத்திரம் நோக்குவதில்லை. பொதி அடைக்கும் இடத்தையும் நோக்குகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சதமமீற்றரில் அளந்து பெருக்கி, 5000 ஆற் பிரித்தால் வருவது கிலோகிராமிற் பருமநிறை. மெய்ந்நிறை, பருமநிறை இரண்டனுள் எது மிகுதியோ அதற்கே கூலி. அரக்கு வேலைக் கைத்தடியொன்றை எடுத்துக்கொள்வோம். கட்டோடு அதன் நிறை 700 கிராம். பெட்டியின் அளவு 100 x 15 x 10 சதமமீற்றர். பெருக்க 15,000, 5000 ஆற் பிரிக்க 3. ஆகவே 700 கிராம் தடிக்கு 3 கிலோகிராமுக்குரிய கூலி கொடுத்தல் வேண்டும். அஞ்சலிற் சிறுபொதியாக அனுப்பலாமே எனின், அனைத்துலக அஞ்சல் விதிப்படி சிறுபொதி 2 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. மூன்று அளவுகளின் கூட்டுத்தொகை 90 சதமமீற்றருக்கும், எந்த ஒரு பக்கமும் 60 சதமமீற்றருக்கும் மேற்படலாகாது. தடி அவ்விதிக்குள் அடங்காது. இதற்கு மாறாகப் பழைய முத்திரைகள் பத்து ஒரு கடிதவுறைக்குள் அடங்கிவிடும். இரண்டையும் ஒரே விற்பனையாளரிடம் வாங்கியவர், ஒன்றன் கூலியைக் கொண்டு மற்றொன்றை அளந்து சினங்கொள்கின்றார்.

இரண்டாவது, சில விற்பனையாளர் செய்த பிழை. முன்னாளில் ஈபே தளம் தன் தரகைப் பண்டத்தின் விலைமீது மாத்திரம் அறவிட்டது. அதனைக் கண்ட சிலர் விலையைச் சிறிதாகவும் கூலியைப் பெரிதாகவும் குறித்து, தரகிலிருந்து தப்பினர். அமெரிக்கத் தளத்திலே 2011ஆம் ஆண்டு ஜூலை முதற் பொதிக் கூலியின்மீதும் தரகு அறவிடப்பட்டமைக்கு இதுவே காரணம். அவ்வழி அடைபட்டும், அது விதைத்த ஐயம் கொள்வோர் மனத்தினின்றும் நீங்கவில்லை. நேர்மையாகக் கூலி குறிக்கும் நம்மவரும் அவ்வையத்துக்கு இலக்காகின்றனர்.

மூன்றாவது, நாட்டுக்கு நாடு கட்டணம் ஒவ்வாமை. 1874இற் பேர்ண் நகரில் உருவான அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தில், தொடக்கத்தில் ஒவ்வொரு நாடும் தான் பெற்ற கட்டணத்தைத் தானே வைத்துக்கொண்டது. வந்த அஞ்சலைத் தன் நாட்டிற் கொண்டுசேர்க்குஞ் செலவுக்கு ஈடு கேட்கும் முறை 1969ஆம் ஆண்டுத் தோக்கியோ மாநாட்டிலேயே பிறந்தது. அவ்வீடு சில நாடுகளுக்குக் குறைவாக இருந்தமையால், அந்நாடுகளிலிருந்து சிறுபொதிகள் மிக மலிவாகச் சென்றன. அமெரிக்கா ஒன்றியத்தினின்றும் விலகுவதாக 2018இல் அறிவித்ததும், 2019இல் ஜெனீவாவில் ஓர் இணக்கம் ஏற்பட்டதும் இதன் பொருட்டேயாம். வேறொரு நாட்டிலிருந்து ஒரு டொலருக்குப் பொதி பெற்றுப் பழகிய ஒருவர், இலங்கைக் கட்டணத்தைக் கண்டு திகைப்பது இயல்பு.

நான்காவது, சுங்கமும் வரியும். அவுஸ்திரேலியா 2018 ஜூலை முதல் 1000 டொலர்வரை பெறுமதியுள்ள இறக்குமதிப் பொருள்களுக்கும் வரி விதித்தது. பிரித்தானியா 2021 ஜனவரி முதல் 135 பவுண் வரையான பண்டங்களின் வரியை விற்பனையிடத்திலேயே அறவிடுமாறு செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோவரை அளித்த விலக்கை 2021 ஜூலையில் நீக்கியது. அமெரிக்கா 800 டொலர் வரையான பொதிகளுக்கு அளித்த தீர்வை விலக்கை 2025 ஓகஸ்ட் 29இல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. வாசலில் நின்று அஞ்சற்காரர் பணங் கேட்கும்போது, கொள்பவர் அதனையும் பொதிக் கூலியென்றே எண்ணி விற்பவர்மேற் பழி சுமத்துகின்றார்.

வருமுன் காத்தல்

இக்காரணங்களை நோக்கின், வழக்கின் வேர் கூலியின் மிகுதியிலன்று, அது வெளிப்பட்ட காலத்திலே இருப்பது புலனாகும். ஏலத்துக்கு முன் சொல்லப்பட்ட முப்பது டொலர் நிபந்தனை. ஏலத்தின் பின் சொல்லப்பட்ட மூன்று டொலரும் வஞ்சனையாகவே தோன்றும். ஆதலின் விற்பவர் செய்யவேண்டியன வருமாறு:

பண்டத்தை ஏலத்துக்கு அறிவிக்குமுன்னரே அதனைப் பெட்டியிலிட்டுக் கட்டி, நிறுத்து, அளத்தல் வேண்டும். வெறும் பண்டத்தை நிறுத்தாற் போதாது. பெட்டியும் தாளும் சில நூறு கிராம் ஏற்றிவிடும். நிறையையும் அளவையும் அறிவிப்பிலேயே எழுதுக. வலயந்தோறும் கூலியைத் தனித்தனியே குறிப்பிடுக. அனுப்ப இயலாத நாடுகளை விலக்கி விடுக. பல பண்டங்களை ஒருவரே பெற்றால் ஒரே பொதியாகக் கட்டிக் கூலியைக் குறைப்பதாகவும், சுங்கமும் இறக்குமதி வரியும் கூலியில் அடங்குமா அடங்காவா என்பதையும் ஐயத்துக்கிடமின்றி எழுதுக. கொள்பவரும் உயர்ந்த தொகை கேட்குமுன் இவற்றைப் படித்து, விளங்காதவற்றைக் கேட்டறிந்து, விலையையும் கூலியையும் கூட்டிப் பார்த்தல் கடன்.

வந்தபின் தீர்த்தல்

இத்துணையுஞ் செய்தும் வழக்கு வருமாயின், அது எந்நிலையில் வந்தது என நோக்குதல் முதற் கடமை.

பணஞ் செலுத்தப்படாத நிலையாயின் தீர்வு எளிது. அன்றைக்கே மறுமொழி அனுப்புக. "அறிவிப்பைப் படிக்கவில்லையா?" என வினவுதல் தகாது. கூலியைப் பகுத்துக் காட்டுக: அஞ்சற் கட்டணம் இவ்வளவு, பெட்டியும் கட்டும் இவ்வளவு. மெதுவாகச் செல்லும் மலிவான வழி உண்டெனில் அதனையுங் காட்டி, தெரிவைக் கொள்பவரிடம் விடுக. உடன்பாடு ஏற்படின், திருத்திய கணக்கைப் பணஞ் செலுத்துமுன்னரே அனுப்புதல் வேண்டும். பணம் வந்தபின் அதனைத் திருத்த இயலாது, ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கவே இயலும். உடன்பாடு ஏற்படாவிடின், இருவர் இசைவோடும் விற்பனையை நீக்கிவிடலாம். நான்கு நாளாகியும் பணம் வராவிடின், விற்பவரே நீக்கிக்கொள்ள ஈபே விதி இடந்தருகின்றது.

விற்பவர் குறைவாக மதிப்பிட்டிருந்தாராயின், அந்நட்டம் அவருடையதே. அறிவிப்பிற் குறித்ததற்கு மேலாக ஏலத்தின் பின் கூலி கேட்க அத்தளத்தின் விதி இடந்தருவதில்லை, அறமும் இடந்தருவதில்லை. ஐந்து டொலர் நட்டத்தை ஏற்றுப் பொதியை அனுப்புக. அடுத்த அறிவிப்பிலே கணக்கைத் திருத்துக.

பொதி சென்றடைந்தபின், ஒட்டப்பட்ட முத்திரையின் பெறுமதியைப் பார்த்துக் "கூடுதலாக வாங்கினீர்" என்று எழுதுவோரும் உளர். பற்றுச்சீட்டின் படத்தையும் கட்டுச் செலவின் கணக்கையும் அனுப்புக. உண்மையிலேயே மிகுதி இருப்பின், கேட்கும்வரை காத்திராது அதனைத் திருப்பி அனுப்புக. பற்றுச்சீட்டுகளைத் திகதி வாரியாகப் பேணாதவர்க்கு இவ்வழி இல்லை.

கூலி எங்ஙனமாயினும், பண்டம் அறிவிப்போடு ஒவ்வாதிருந்தால், திருப்பி அனுப்பும் செலவும் விற்பவரைச் சாரும் என்பதையும் மறத்தலாகாது. ஆதலின் கீறலையும் வெடிப்பையும் மறையாது எழுதுவது, பொதிக் கூலியை இருமுறை இழவாமற் காக்கும் வழியுமாகும்.

செய்யத் தகாதது

கொள்பவர் சிலர் சுங்கத்தைத் தவிர்க்க விரும்பி, "பொதியின்மேல் அன்பளிப்பு என்று எழுதுக", "பெறுமதியைப் பாதியாகக் குறிக்க" எனக் கேட்பதுண்டு. மறுத்தால் மதிப்புரையிற் குறை எழுதுவரே என்ற அச்சம் விற்பவர்க்கு எழும். 2008 முதல் ஈபேயில் விற்பவர் கொள்பவர்மீது குறை எழுத இயலாது, கொள்பவர் எழுதலாம். ஆகவே அச்சம் வெறும் கற்பனையன்று. எனினும் சுங்கப் பத்திரத்திற் பொய் எழுதுதல் சட்டத்துக்கு மாறானது. பொதி பறிமுதலாகலாம், வழியிற் காணாமற்போயின், குறித்த பாதிப் பெறுமதிக்கு மேல் ஈடு கேட்கவும் வழியில்லை. "எங்கள் நாட்டுச் சட்டப்படி மெய்யான பெறுமதியையே குறித்தல் வேண்டும், பொறுத்தருள்க" என்று இரண்டு வரி எழுதி நிறுத்துவதே தகும்.

ஹப்புவிடையிலோ தம்புள்ளையிலோ இருந்து கைத்தொழிற் பொருள் விற்பவரை உலகம் அறிவது அவர் பெயரின் கீழுள்ள மதிப்புரைகளால் மாத்திரமே. அவருக்குப் பின்னே அரக்கு உருக்குவோரும் மரங் கடைவோரும் உளர். ஒரு பொதிக் கூலிப் பூசலினால் அம்மதிப்புக் குன்றினால், குறைவது பலர் வீட்டு வருவாய். அவர் கடிதத்துக்குக் கனடாவிலிருந்து மறுமொழி எழுதுபவர் நம் கல்லூரிப் பழைய மாணவராகவும் இருக்கலாம். அங்ஙனமாயின், குறை எழுதுமுன் பொதியின் அளவை ஒருமுறை பெருக்கிப் பார்க்குமாறு அவரை வேண்டுகின்றேன். மாணவர்களும் கைத்தடிக் கணக்கைத் தாமே ஒருமுறை செய்து பார்ப்பாராக.