பெரிய திரையில் விழாத வாத்து

2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். அன்றுதான் தமிழ்நாடு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து கொடுத்த 14 இன்ச் பெட்டிகள் ஒரு கோடிக்கும் மேல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் போகும் வழியில் இருக்கும் எங்கள் அன்னவாசலிலும் ஓட்டு வீடு, கூரை வீடு என்று பார்க்காமல் அந்தப் பெட்டி வந்து உட்கார்ந்தது. பெரியவர்களுக்கு சீரியல் கிடைத்தது. பிள்ளைகள் தேடியது வேறு: மஞ்சள், வெள்ளை ஒயர்களைச் செருகும் அந்தச் சின்ன ஏவி துளைகளை. அதுவரை டிவி இருந்த வீட்டு வாசலில் நின்று 'ஒரு லைஃப் குடுடா' என்று கெஞ்சியவன், அதன்பிறகு தன் வீட்டிலேயே மரியோ ஆடினான்.

நம்மூர்க்காரர்கள் 'டிவி கேம்' என்று சொல்லும் அந்த டப்பாவின் மூலம் ஜப்பானில் இருக்கிறது. 1983 ஜூலை 15-ல் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம்தான் அது. நமக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் அதன் நகல். ஏன் நகல் என்பதற்கு ஒரு கணக்கு போதும். 1995-ல் சேகா நிறுவனத்தின் 'மெகா டிரைவ்' கேம் பெட்டியை ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விற்றது. இறக்குமதி வரி 80 விழுக்காடு. ஒரு பெட்டியின் விலை 18,000 ரூபாய். அன்றைக்கு அந்தப் பணம் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குப் பல மாத வரும்படி. அன்னவாசல் சந்தைக்கு வருகிறவர் அதை வாங்குவாரா? தைவானிலும் சீனாவிலும் தயாரான சில்லுகளை வைத்துக் கட்டிய நகல் டப்பாக்களோ திருவிழாக் கடை வரைக்கும் வந்தன. ரஷ்யாவில் 1992 கடைசியில் 'டெண்டி' என்ற பெயரிலும், போலந்தில் 'பெகாசஸ்' என்ற பெயரிலும் இதே சரக்குதான் ஒரு தலைமுறையை வளர்த்தது. '9999 இன் 1' என்று அட்டையில் போட்டிருக்கும் கேசட்டில் திரும்பத் திரும்ப வருவது சில டஜன் கேம்கள்தான் என்பதும் எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அந்தப் பிள்ளைகள் இப்போது சம்பாதிக்கிறார்கள். சிங்கப்பூர், வளைகுடா, திருப்பூர் என்று போய் உழைத்த காசில் மாடியறை எழுப்பி, 55 இன்ச் எல்இடி டிவியும் 5.1 ஹோம் தியேட்டரும் வைத்திருக்கிறார்கள். பொங்கல் விடுமுறையில் பரணில் கிடக்கும் டப்பாவை இறக்கி அந்தப் பெரிய திரையில் மாட்டிப் பார்க்கும் ஆசை வராமல் இருக்குமா? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படித்தான் மாட்டினார்கள். நாற்பது வயதை நெருங்கும் அண்ணன், தம்பி இருவரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். முதல் பள்ளத்திலேயே மரியோ விழுந்தார். மறுபடியும் விழுந்தார். தம்பி கேட்டார்: "ண்ணே, டிவி ஸ்லோவா இருக்கா, இல்ல நான்தான் ஸ்லோவாயிட்டனா?"

டிவிதான் மெதுவாக இருந்தது. பழைய பிக்சர் டியூபில் டப்பா அனுப்பும் சிக்னல் வர வர, எலக்ட்ரான் கற்றை அதை அப்படியே திரையில் வரைந்துவிடும்; காத்திருப்பே இல்லை. எல்இடி டிவி ஒவ்வொரு படத்தையும் முதலில் வாங்கி வைத்துக்கொள்கிறது. பெரிதாக்கி, கூர்மையாக்கி, நிறம் ஏற்றி, பிறகுதான் காட்டுகிறது. சினிமா பார்க்கும்போது இந்தத் தாமதம் தெரியாது. விளையாட்டில் உயிரை எடுத்துவிடும். மரியோ முழு வேகத்தில் ஓடும்போது ஒரு பிரேமுக்குச் சுமார் இரண்டரைப் புள்ளி நகர்கிறார். ஜப்பான் டப்பாவில் நொடிக்கு 60 பிரேம். டிவி 100 மில்லிநொடி தாமதித்தால் ஆறு பிரேம் போய்விடும். மரியோ 15 புள்ளி முன்னால் போயிருப்பார். அந்த விளையாட்டில் ஒரு செங்கல்லின் அகலம் 16 புள்ளி. ஆக, நீங்கள் பார்க்கும் மரியோ ஏறக்குறைய ஒரு செங்கல் பின்னால் நிற்பவர். பள்ளத்தின் விளிம்பில் பட்டனை அழுத்தினால் அவர் எப்போதோ உள்ளே போயிருப்பார். பட்டன் பழுதும் இல்லை, வயதும் காரணமில்லை.

இதற்கு முதல் வைத்தியம் செலவில்லாதது. டிவியின் பட அமைப்பில் 'கேம் மோடு' இருக்கும். அதைப் போட்டால் டிவி தன் அலங்கார வேலைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிடும். இரண்டாவது, படத்தை 4:3 அளவில் வைப்பது. அகலத் திரை முழுக்க இழுத்தால் மரியோ குண்டாகிவிடுவார், வட்டம் முட்டையாகும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். அந்தப் படம் அப்படி வரையப்பட்டது. ஓஎல்இடி திரை வைத்திருப்பவர்கள் மட்டும் மணிக்கணக்கில் ஒரே கேமை ஓட விடாமல் இருப்பது நல்லது. அசையாமல் நிற்கும் ஸ்கோர் எழுத்து திரையில் தழும்பாகத் தங்கிவிடக்கூடும்.

மூன்றாவது சிக்கல் கொஞ்சம் நுணுக்கமானது. டப்பா தருவது ஒரு பிரேமுக்கு 240 வரி கொண்ட முழுப் படம். பல எல்இடி டிவிகள் ஏவி வழியாக வருவதையெல்லாம் பழைய ஒளிபரப்பைப் போல 'பாதிப் பாதியாக வரும் படம்' என்று எடுத்துக்கொண்டு, இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைக்கப் பார்க்கின்றன. கான்ட்ரா கேமில் செத்துப் பிறந்த வீரன் சில நொடி மின்னிக்கொண்டே வருவான் அல்லவா? அது ஒரு பிரேம் காட்டி ஒரு பிரேம் மறைக்கும் வித்தை. டியூபில் அவன் ஆவி மாதிரித் தெரிவான். தவறாகத் தைக்கும் டிவியில் சீப்புப் பல் போல வரிவரியாகக் கிழிந்து தெரிவான், சில சமயம் முழுசாகவே காணாமல் போய்விடுவான். இந்த 240 வரியைச் சரியாகப் புரிந்துகொண்டு எச்டிஎம்ஐ-யாக மாற்றும் கருவிகள் தனியாக விற்கின்றன. விலை அதிகம்தான். அதே பெயரைச் சொல்லிச் சில நூறு ரூபாய்க்கு விற்கும் மாற்றிகள் பெரும்பாலும் டிவி செய்யும் அதே தவறைத்தான் செய்கின்றன. அவற்றை வாங்காதீர்கள்.

இனி சத்தம். இங்கேதான் ஹோம் தியேட்டர் தன் காசுக்கு வேலை செய்கிறது. ஃபேமிகாமின் சில்லில் ஐந்தே குரல்கள். இரண்டு சதுர அலை மெட்டை இழுக்கும். ஒரு முக்கோண அலை பேஸ் பாடும். ஒன்று இரைச்சலை வைத்துத் தாளம் தட்டும். கடைசிக் குரல் பதிவுசெய்த துணுக்கு ஒலிகளுக்கு. இதை வைத்துக்கொண்டுதான் கோஜி கோண்டோ 1985-ல் மரியோவுக்கு இசையமைத்தார். அந்த முக்கோண அலையின் அடித்தளத்தை 14 இன்ச் பெட்டியின் சின்ன ஸ்பீக்கரால் முழுசாகக் கொடுக்கவே முடியவில்லை. நாம் வருஷக்கணக்காகக் கேட்டது பேஸ் மெலிந்த மரியோவை. நல்ல ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, குழாய்க்குள் இறங்கும் அந்த இரண்டாவது ஸ்டேஜின் இசையைக் கேட்டுப் பாருங்கள். தரைக்கு அடியில் யாரோ நடப்பது போல இருக்கும். எத்தனையோ தடவை ஆடிய கேமில் இப்படி ஒன்று ஒளிந்திருந்ததா என்று ஆச்சரியப்படுவீர்கள்.

ஆனால் ஆம்ப்ளிஃபயரில் 'சரவுண்ட்' போட வேண்டாம். டப்பா தருவது மோனோ. ஒரே சத்தம் இரண்டு பக்கமும் வந்தால் டால்பி புரோலாஜிக் முறை அதை வசனம் என்று நினைத்து நடு ஸ்பீக்கருக்கு மட்டும் தள்ளிவிடும். 'ஸ்டீரியோ'வில் வையுங்கள். சத்த ஒயரை டிவிக்குக் கொண்டுபோய்ச் சுற்றி எடுத்து வராமல் ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் துளையில் நேராகச் செருகுங்கள். படத்துக்கான மஞ்சள் ஒயர் மட்டும் டிவிக்குப் போகட்டும். படத்தையும் ஆம்ப்ளிஃபயர் வழியாக அனுப்பினால் அது தன் பங்குக்கு ஒரு தாமதத்தைச் சேர்க்கக்கூடும்.

அறையும் பேசும். அன்னவாசலுக்குப் பக்கத்திலேயே சித்தன்னவாசல் இருக்கிறது. அங்கே பாறையைக் குடைந்த அறிவர் கோயிலின் கருவறைக்குள் நின்று மெல்ல 'ம்ம்' என்று முனகினால் பாறை முழுக்க அதைத் திருப்பிப் பாடும். போய் வந்தவர்களுக்குத் தெரியும். சின்ன அறை, கடினமான சுவர், ஒலியை உறிஞ்ச ஒன்றும் இல்லை. நம்முடைய மாடியறையும் அதே கதைதான்: சிமென்ட் பூச்சு, டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. 12 அடி நீளமுள்ள அறையில் 47 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி சுவருக்குச் சுவர் மோதிக் கொழுத்துவிடும். வூஃபரை மூலையில் முட்டுக் கொடுத்து வைத்தால் இன்னும் மோசம். அதைச் சுவரிலிருந்து நகர்த்தி, தரையில் ஒரு கனமான ஜமுக்காளம் விரித்து, ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டால் 'டம் டம்' என்ற வீக்கம் குறைந்து மெட்டு தனியாகத் தெரியும்.

இன்னொன்று. இப்போது மொபைலிலோ புது மினி கன்சோலிலோ மரியோ ஆடும்போது 'பாட்டு வேகமாக ஓடுகிறதே' என்று பலருக்குத் தோன்றுகிறது. அந்தக் காது சரியான காதுதான். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை படம் மாற்றியது. இந்தியாவின் பால் முறை டிவி 50 முறை. 50-க்கென்று செய்த டப்பாக்களில் விளையாட்டும் பாட்டும் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடின. நம் தலைமுறை அந்த மெதுவான மரியோவோடு வளர்ந்தது. நமக்கு அதுதான் சரியான தாளம். பழைய டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு அதே கேமை டவுன்லோடு செய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். சிறுவயதில் நீங்கள் ஆடிய கேம் அந்த டப்பாவில்தான் இருக்கிறது.

கேசட் ஓடவில்லை என்றால் ஊதாதீர்கள். ஊதும்போது எச்சில் ஈரம் பட்டு, தகடு நாளடைவில் கறுத்துப்போகும். எடுத்துத் திரும்பச் செருகியதால்தான் அன்று ஓடியது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காது பஞ்சால் தகட்டைத் துடைத்து, காய விட்டுப் போடுங்கள். அடாப்டரின் பிளஸ், மைனஸ் பொருந்துகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா டப்பாவுக்கும் ஒரே அமைப்பு கிடையாது.

இத்தனையும் செய்த பிறகு, டப்பாவோடு வரும் துப்பாக்கியை எடுத்து வாத்து சுடும் கேம் ஆடப் போனால், ஒரு வாத்தும் விழாது. கேம் மோடு, விலை உயர்ந்த மாற்றி எதுவும் இங்கே உதவாது. அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அதன் குழலுக்குள் இருப்பது ஒளியை உணரும் ஒரு கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுத்து, அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். கண் முதலில் இருட்டையும் அடுத்து வெளிச்சத்தையும் கண்டால் வாத்து விழும். டியூபில் இது நடக்க வேண்டிய நொடியில் நடக்கிறது. எல்இடி-யில் அந்த வெள்ளைக் கட்டம் தாமதமாக வருகிறது. அதற்குள் விளையாட்டு 'குறி தப்பியது' என்று முடிவு செய்துவிடுகிறது. டியூபின் கற்றை நொடிக்குச் சுமார் 15,700 வரி வரையும் துடிப்பைத் தேடும்படியும் அந்தக் கண்ணைப் பழக்கியிருக்கிறார்கள். எல்இடி-யில் அந்தத் துடிப்பே இல்லை.

ஆகவே மாடியறையில் எவ்வளவு பெரிய திரை இருந்தாலும் பக்கத்தில் ஒரு டியூப் டிவிக்கு இடம் வேண்டும் என்பது என் முடிவு. படம் டியூபில், சத்தம் ஹோம் தியேட்டரில் என்று பிரித்து மாட்டினால் தாமதம் இல்லை, கிழிசல் இல்லை, வாத்தும் விழும், அடியில் முக்கோண அலையும் கேட்கும். இதைவிட நல்ல ஏற்பாடு எந்த விலைக்கும் கிடைக்காது.

அந்த டியூப் டிவிகள்தான் வேகமாகக் குறைகின்றன. பழைய இரும்புக்குப் போட்டால் உள்ளேயிருக்கும் செம்புச் சுருளுக்காகப் பிக்சர் டியூபை உடைத்துவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உடைத்துக் குளத்தோரம் கொட்டினால் மண்ணில் கலக்கும். உங்கள் வீட்டுப் பரணில் அரசு முத்திரையோடு அந்த 14 இன்ச் பெட்டி இன்னும் இருந்தால், இறக்கி ஒருமுறை பிளக்கில் போட்டுப் பாருங்கள். படம் வந்தால் யாருக்கும் விற்காதீர்கள், வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் நீங்களே மூடியைக் கழற்ற வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். டியூப் டிவி பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் உங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். தேறாது என்று அவர் சொன்னால், மின்னணுக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் மட்டும் கொடுங்கள்.